குகை வாசலில் சப்பாத்து வரிசை

எங்கள் வீட்டில் விடுமுறை என்றால் பாரிஸ். ஊர் பார்ப்பதற்கு அல்ல. என் கணவரின் அண்ணன் வீட்டு ஹோலில் வரிசையாக மெத்தை போட்டுப் படுத்து, மூன்று வேளையும் சோறு சாப்பிட்டு, போன கோடையில் பாதியில் விட்ட கதையைத் தொடருவதற்கு. லண்டன் கிங்ஸ்பரியில் எங்கள் தெருவில் எல்லாரும் இப்படித்தான். கிரேக்க நாட்டுக் கிரீட் தீவுக்குப் போகிறோம் என்று சொன்னதும் பக்கத்து வீட்டு அக்கா கேட்ட முதல் கேள்வி, "அங்க உங்களுக்கு ஆர் இருக்கினம்?" ஒருவரும் இல்லை என்றேன். என்னை இரக்கத்தோடு பார்த்தார்.

எல்லாம் மகளின் வேலை. பள்ளிக்கூடத்தில் கிரேக்கக் கதைகளைப் படித்துவிட்டு, சியுஸ் சாமி பிறந்த குகையைப் பார்த்தே தீரவேண்டும் என்று நின்றாள். கடைசியில் இவர் இறங்கி வந்தார், ஒரு நிபந்தனையோடு.

"எனக்குப் பிடிச்சா வருசா வருசம் புது இடம் போவம். பிடிக்காட்டி நீ யூனிவர்சிட்டி போகுமட்டும் பாரிஸ்தான். பிறகு மூச்சு விடப்படாது."

அதனால் அங்கே போய் இறங்கியதிலிருந்து பிள்ளை கடலைப் பார்த்ததைவிடத் தகப்பனின் முகத்தைப் பார்த்ததுதான் அதிகம். அந்த முகமோ லண்டன் வானம் மாதிரி மூடிக்கிடந்தது. ஹோட்டல் சாப்பாட்டில் உறைப்பில்லை. கடற்கரையில் பேச ஆளில்லை. எல்லாரும் புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டு கிடக்கிறார்கள். "மனுசர் மனுசரோட கதைக்காத இடம்" என்று என்னிடம் முணுமுணுத்தார்.

குகைக்குப் போகிற வழியில், காரில் மகள் கதை சொன்னாள். பிறக்கிற பிள்ளைகளையெல்லாம் விழுங்கிவிடுகிற தகப்பன். தாய்க்காரி ஒரு கல்லைத் துணியில் சுற்றிக் கொடுத்துவிட்டு, பிள்ளையைக் குகையில் ஒளித்துவைக்கிறாள். அவரும் கல்லை விழுங்கிவிடுகிறார்.

"கல்லுக்கும் பிள்ளைக்கும் வித்தியாசம் தெரியேல்லையே அந்த மனுசனுக்கு?" என்றார் இவர்.

"நீங்களும் போனைப் பாத்துக்கொண்டுதானே அப்பா சாப்பிடுறனீங்கள்."

அவர் சிரிக்கவில்லை. நான் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கார் நிறுத்துமிடத்திலிருந்து மலைமேல் நல்ல ஏற்றம். இவர் மூச்சு வாங்க வாங்கக் குகை வாசலுக்கு வந்தார், நின்றார், குனிந்தார், சப்பாத்தைக் கழற்றினார். காலுறையை மடித்து அதற்குள் செருகி, ஓரமாக வைத்தார்.

"அப்பா, இது கோயில் இல்லை" என்று மகள் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்.

"சாமி பிறந்த இடம் எண்டு நீதானே பிள்ளை சொன்னனீ."

மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்கு உதவி செய்யலாம் என்று பார்த்தால், என்னுடைய ஒரு செருப்பும் ஏற்கெனவே காலை விட்டு இறங்கியிருந்தது. எங்களுக்குப் பின்னால் வந்த வயதான வெள்ளைக்காரத் தம்பதி எங்களைப் பார்த்தார்கள். இங்கே இதுதான் சட்டம் என்று நினைத்திருக்க வேண்டும், அவர்களும் குந்தியிருந்து பூட்ஸைக் கழற்றத் தொடங்கினார்கள். அவர்களைப் பார்த்து அடுத்த குடும்பம். காவலாளிப் பெண் படியேறி வந்தபோது, வாசல் எங்கள் கோயிலின் வெள்ளிக்கிழமை மாதிரி இருந்தது.

அந்தப் பெண் தலையில் கை வைத்தாள். உள்ளே படியெல்லாம் ஈரம், விழுந்தால் யார் பொறுப்பு, எல்லாரும் போடுங்கள் என்று கைகாட்டினாள். மகள் என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். "முடிஞ்சுது அம்மா. இனி பாரிஸ்தான்" என்ற குரலில் அழுகை இருந்தது.

ஆனால் பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டே அந்த வெள்ளைக்காரர் இவரிடம், உங்கள் ஊரில் இப்படித்தானா என்று கேட்டுவிட்டார். போதாதா? இவர் தொடங்கினார். எங்கள் கண்ணனையும் பிறந்த இரவே மாமனிடமிருந்து ஒளித்து ஆற்றைக் கடந்து கொண்டுபோனார்கள் என்று, தெரிந்த இங்கிலீசோடு இரண்டு கையையும் சேர்த்துச் சொல்லிக்கொண்டு படியிறங்கினார். கீழே கூரையிலிருந்து தொங்குகிற கற்களை மற்றவர்கள் படமெடுத்தார்கள். இவர் எதையும் நிமிர்ந்து பார்த்ததாகத் தெரியவில்லை. வெளியே வந்தபோது மூடிக்கிடந்த முகம் வெளித்திருந்தது.

மலையடிவாரக் கோப்பிக் கடையில் அந்தத் தம்பதி எங்கள் மேசையில் இருந்தார்கள், நான் கொண்டுபோன முறுக்கைக் கடித்துக்கொண்டு. மகள் மெதுவாகக் கேட்டாள், பிடித்ததா என்று. இவர் போனை எடுத்துப் பாரிஸுக்கு அடித்தார்.

"அண்ணை, அடுத்த வருசம் நாங்கள் அங்க வரேல்லை."

பிள்ளை கதிரையை விட்டு அரையடி எழும்பிவிட்டாள்.

"நீங்கள் எல்லாரும் எங்களோட வாறியள். இப்பிடி இன்னும் கனக்கக் குகை இருக்காம்."

பிள்ளை மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். நான் முதுகைத் தடவினேன். தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று குனிந்து பார்த்தால், சிரிக்கிறாள்.

இப்போது பாரிஸிலிருந்து நாள்தோறும் அழைப்பு. அங்கே சோறு கிடைக்குமா, குக்கர் கொண்டுவரவா என்று கேட்கிறார்கள். மகளும் தன் பங்குக்கு ஒரு நிபந்தனை வைத்திருக்கிறாள்: ஒருவரும் சப்பாத்தைக் கழற்றக்கூடாது.

"பாப்பம்" என்றிருக்கிறார் தகப்பன்.