மஞ்சள் ரோஜா சிவப்பாகப் பூத்தது

ரோஜா நர்சரி நடத்துகிறேன் என்றால் எல்லாரும் "வாசமான தொழில்" என்கிறார்கள். சாணமும் வேப்பம் புண்ணாக்கும் பூச்சிமருந்தும் கலந்து வருகிற வாசம் அவர்கள் மூக்குக்கு எட்டியதில்லை. மதுரையில் பரவைக்குப் பக்கத்தில், திண்டுக்கல் ரோட்டோரம் பதினாறு வருஷமாகச் செடி விற்கிறேன். பன்னீர் ரோஜா, பட்டன் ரோஜா, கொடி ரோஜா, ஓசூரிலிருந்து வரும் ஒட்டு ரகங்கள் என்று முப்பது வகை இருக்கும். கடை வைத்து உட்கார்ந்திருக்கிற சக பாவிகளுக்கு இதெல்லாம் புதுசாக இருக்காது. மற்றவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒட்டுக்குக் கீழே

அவனியாபுரத்திலிருந்து வந்த ரிட்டயர்டு வாத்தியார் ஒருவர் மஞ்சள் ரோஜா வாங்கினார். காட்டு ரோஜா வேரில் ஒட்டுக்கட்டிய செடி. "ஒட்டுக்குக் கீழ தளிர் வந்தா உடனே கிள்ளிருங்க சார். விட்டீங்கன்னா அது மஞ்சளைக் கொன்னுரும்" என்று இடத்தைத் தொட்டுக் காட்டித்தான் அனுப்பினேன்.

ஆறு மாசம் கழித்துத் தொட்டியோடு ஆட்டோவில் வந்து இறங்கினார். மஞ்சள் காய்ந்து குச்சியாகியிருந்தது. கீழே கிளம்பிய காட்டுத் தளிர் ஆளுயரம் வளர்ந்து, சின்னச் சின்னதாகச் சிவப்புப் பூ. கடையில் நின்ற நாலு பேர் பார்க்க, தொட்டியை என் காலடியில் வைத்தார். நான் மறுபடியும் ஒட்டைக் காட்டி விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "மஞ்சளைக் காட்டிச் சிவப்பை வித்துட்டு, எனக்கே பாடம் நடத்துறியாம்மா?"

விழாவுக்கு இருநூறு

ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் ஆண்டு விழா. பெரிய மனிதர் ஒருவர் வருகிறார், நடைபாதையின் இரண்டு பக்கமும் ரோஜா வேண்டும் என்றார்கள். நானும், பத்து வருஷமாக என்னிடம் ஒட்டுக்கட்டுகிற செல்வியும் இருநூறு செடியைப் பூவும் மொட்டுமாகத் தயார் செய்து கொடுத்தோம்.

பத்து நாள் கழித்து அந்தப் பக்கம் போனபோது இரண்டு பேரும் உள்ளே போய்ப் பார்த்தோம். பிளாஸ்டிக் பையைக்கூடக் கிழிக்காமல் குழியில் இறக்கி மண்ணைத் தள்ளியிருந்தார்கள். பங்குனி வெயிலில் ஒருவரும் தண்ணீர் ஊற்றவில்லை. செல்வி ஒவ்வொரு தண்டாக நகத்தால் சுரண்டி, உள்ளே பச்சை இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே போனாள். கடைசிச் செடி வரைக்கும் பார்த்தாள். ஆபீஸிலிருந்து வந்த மேனேஜர் அவளை வேடிக்கை பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: "செத்தா என்ன மேடம், போட்டோல சூப்பரா வந்துருக்குல்ல!"

எந்தத் தெரு?

இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

தோட்டம் துரவோடு இருக்கிற குடும்பம் என்று பார்த்தாலே தெரிந்தது. அந்த அம்மா ஒரு மணி நேரம் சுற்றி வந்து பன்னீர் ரோஜா நாலு, ஒட்டு ரோஜா ஆறு எடுத்து வைத்தார். நன்றாகச் சிரித்துப் பேசினார். உரம் எப்படி வைக்கணும், கவாத்து எப்போ என்றெல்லாம் கேட்டார். பிறகு என் ஊரைக் கேட்டார். சொன்னேன். "அங்கதான் என் நாத்தனாரைக் குடுத்திருக்கு. ஊருக்குள்ளயா, காலனியா?" என்றார்.

காலனி என்றேன். பொய் சொல்லியிருக்கலாம், சொல்லத் தோன்றவில்லை. சிரிப்பு மாறவில்லை. பன்னீர் ரோஜா நாலையும் ஒவ்வொன்றாக எடுத்து, இருந்த வரிசையிலேயே திரும்ப வைத்தார். ஆறு ஒட்டு ரோஜாவை மட்டும் காரில் ஏற்றச் சொன்னார். நான்தான் ஏற்றினேன். கதவைச் சாத்தும்போது என் தோளைத் தொடாமல், தொடுவது மாதிரி கையை நீட்டிச் சொன்னார்: "இது வாசல்ல வைக்கிறது, பரவாயில்ல. அது சாமிக்குப் போடுற பூ பாரு, தப்பா நெனைக்காத."

நாற்பது நாள்

கோரிப்பாளையத்தில் தையல் கடை வைத்திருக்கும் ஒருவர் பன்னீர் ரோஜா கேட்டு வந்தார். படுக்கையில் கிடக்கும் அம்மாவின் ஜன்னலில் வைக்கவாம். "எம்புட்டு நாள்ல பூக்கும்க்கா?" என்றார். இரண்டு கடையில் பத்து நாள் என்று சொல்லியிருக்கிறார்கள். இப்போதுதான் கிளை வெட்டிக் கவாத்து பண்ணின செடி, நாற்பது நாளாவது ஆகும் என்றேன். "டாக்டர் அம்புட்டு நாள் சொல்லலக்கா" என்றார்.

பதியன் போடுவதற்காக வைத்திருந்த தாய்ச்செடி ஒன்று பெரிய தொட்டியில் பூத்து நின்றது. அதை விற்பதில்லை. செல்வி என்னைப் பார்த்தாள். இரண்டு பேருமாகத் தூக்கி அவர் வண்டியில் வைத்தோம்.

மூன்று வாரம் கழித்து அதே தொட்டியோடு வந்தார். இலையெல்லாம் ஈரத்துணியால் துடைத்திருந்தது. "அம்மா மௌத்தாயிட்டாங்க. பதினோரு பூ பாத்துட்டாங்க. தண்ணி ஊத்த வீட்ல இனி ஆளில்லக்கா, நீங்களே வச்சுக்கங்க."

இத்தனை ரகம் ரோஜா விற்கிற நான் என் வீட்டு வாசலில் வைத்திருப்பது, வருகிற போகிற யாரும் நின்று பேசாத ஒரு காகிதப்பூச் செடியைத்தான்.