எண்ணெய் தேய்த்தாயிற்று

தென்காசிக்காரன் வீட்டுக்கு விருந்தாளியாகப் போனால் காப்பிக்கு முன்னால் துண்டு வரும். சாரல் விழுந்துவிட்டால் போதும், வந்தவரை அருவிக்குக் கீழே கொண்டுபோய் நிறுத்தினால்தான் எங்கள் ஆட்களுக்குச் சோறு இறங்கும். அவருக்குச் சளியா, காய்ச்சலா, தண்ணீரைக் கண்டால் பயமா என்று கேட்கிற வழக்கமெல்லாம் கிடையாது. அவரே வேண்டாம் என்றாலும் கூச்சப்படுகிறார் என்றுதான் எடுத்துக்கொள்வோம். நான் பிழைப்புக்கு வெளியூர் வந்து இத்தனை வருஷமாகிவிட்டது. இன்றைக்கும் யாராவது "உங்களுக்குக் குற்றாலம் பக்கமாமே, சீசனுக்கு வரலாமா?" என்று ஆசையாகக் கேட்டால் சட்டென்று பேச்சை மாற்றிவிடுவேன்.

நான் மூன்றாம் வகுப்புப் படித்த வருஷம் அத்தைக்குக் கல்யாணம் ஆனது. அத்தை அப்பாவுடைய தங்கை. தாத்தாவும் ஆச்சியும் அடுத்தடுத்துப் போய்விட்டதால் அவளைத் தூக்கி வளர்த்தது, படிக்க வைத்தது, மாப்பிள்ளை பார்த்தது எல்லாம் பெரியப்பாதான். பெரியப்பாவுக்கு உரக்கடை. நல்ல மனுஷர், பெருந்தன்மைக்காரர், வாய்தான் ஊரைக் கூட்டும். வீட்டுக்கு வந்தவர் வயிறு வெடிக்கச் சாப்பிட்டு, மூச்சுமுட்டக் குளித்து, கையில் ஒரு பை பழத்தோடு பஸ் ஏறினால்தான் அவருக்குத் திருப்தி. கல்யாணப் பந்தலிலேயே சம்பந்தி வீட்டாரைச் சுற்றி உட்கார வைத்து, "ஆடிக்கு மாப்பிள்ளை வரட்டும், குற்றாலம்னா என்னன்னு காட்டுதேன்" என்று அறிவித்துவிட்டார். அதன் பிறகு கடைக்கு யூரியா வாங்க வந்தவர்களிடம்கூட இதே பேச்சுதான்.

அத்தையைக் கட்டின மாமாவுக்கு விளாத்திகுளம் பக்கம். கரிசல் காடு, குடத்தை வரிசையில் வைத்துவிட்டுத் தண்ணீருக்குக் காத்துக் கிடக்கிற ஊர். மில்லில் சூப்பர்வைசராக இருந்தார். தடித்த கண்ணாடி போட்டிருப்பார், மெதுவாகப் பேசுவார். சின்னப் பிள்ளைதானே என்று என்னை அலட்சியம் செய்யாமல் நான் சொல்லுகிற பள்ளிக்கூடத்துக் கதையை எல்லாம் கடைசிவரை கேட்பார். எங்கள் வீட்டில் யாரும் யார் பேச்சையும் கடைசிவரை கேட்டதில்லை என்பதால் எனக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போயிற்று.

புதுசாகக் கல்யாணம் ஆன பெண்ணை ஆடி மாதம் முழுக்கத் தாய்வீட்டில் வைத்துக்கொள்வது எங்கள் வழக்கம். ஆடி பிறந்த அன்று பெண்ணையும் மாப்பிள்ளையையும் சேர்த்து அழைத்து, விருந்து போட்டு, துணிமணி எடுத்துக் கொடுத்து, சாயங்காலம் மாப்பிள்ளையை மட்டும் பஸ் ஏற்றிவிடுவார்கள். ஆக, பெரியப்பாவுக்குக் கிடைத்தது அந்த ஒரு பகல்தான்.

காலையில் இட்லி சாப்பிட்டுவிட்டு நான் புறவாசலில் கை கழுவிக்கொண்டிருந்தேன். மாமா அங்கே அத்தையை ஒதுக்கமாக நிறுத்திப் பேசிக்கொண்டிருந்தார்.

"எனக்குத் தண்ணின்னாலே ஒரு மாதிரி வரும். நீச்சலும் தெரியாது. நீ உங்க அண்ணன்கிட்ட பக்குவமாச் சொல்லேன்."

அத்தை சிரித்தாள். "அருவில நீச்சல் எதுக்கு? அண்ணன் எத்தன நாளாச் சொல்லிட்டிருக்காக தெரியுமா? வேண்டாம்னா மனசு சங்கடப்படுவாக. எனக்காகச் சும்மா தலையக் காட்டிட்டு வந்துருங்க."

மாமா என்னைப் பார்த்து அசட்டுத்தனமாகச் சிரித்தார். இவ்வளவு பெரிய ஆளுக்குத் தண்ணீர் பயமா என்று எனக்கு வேடிக்கையாக இருந்தது.

பெண்கள் எல்லோரும் அடுப்படியில் இருக்க, பெரியப்பா, அப்பா, மாமா மூவரும் வேனில் ஏறினார்கள். நானும் வருவேன் என்று அடம்பிடித்து ஏறிக்கொண்டேன். குற்றாலத்தில் இறங்கியதும் பெரியப்பா நேரே எண்ணெய் தேய்த்துவிடுகிறவரிடம் கூட்டிப்போனார். மாப்பிள்ளைக்கு நல்லெண்ணெயில் முழுத் தேய்ப்பு. உச்சந்தலையில் தொடங்கி உள்ளங்கால் வரை அந்த மனிதர் தட்டித் தட்டித் தேய்த்தார். மாமா கண்ணாடியைக் கழற்றி அப்பாவிடம் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மேலெல்லாம் எண்ணெய் சொட்டியது. பெரியப்பா பக்கத்தில் நின்று, "முதுகுல நல்லாப் போடும்யா, புது மாப்பிள்ளையாக்கும்" என்று விரட்டிக்கொண்டே இருந்தார்.

அந்த நேரத்தில்தான் அருவிப் பக்கம் விசில் சத்தம் கேட்டது. விடாமல் ஊதினார்கள். ஈரத் துணியும் தோளில் பிள்ளைகளுமாக ஜனங்கள் திமுதிமுவென்று வெளியே ஓடிவந்தார்கள். மேலே மலையில் கனத்த மழை, தண்ணீர் கூடிவிட்டது, குளிக்கத் தடை என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். நாங்கள் போவதற்குள் போலீஸ்காரர்கள் குறுக்கே கயிறு கட்டிவிட்டார்கள். அருவி செம்மண் நிறத்தில், ஆட்கள் பிடித்து நிற்கும் கம்பிகளையும் தாண்டி விழுந்துகொண்டிருந்தது. எங்கள் தலைக்கு மேலேயோ வெயிலும் பொடிச் சாரலும்தான்.

மாமாவின் முகம் தெளிந்ததை நான் பார்த்தேன். "கெடக்கட்டும் மச்சான். இன்னொரு தடவ பாத்துக்கிடலாம். இலஞ்சி கோயிலுக்குப் போயிட்டு வீட்டுக்குப் போவோம்" என்றார்.

"எண்ணெய் தேய்ச்சாச்சே மாப்ள!" என்றார் பெரியப்பா. அவர் குரலே உடைந்துவிட்டது.

உண்மையும் அதுதானே. தலையோடு கால் எண்ணெயில் ஊறிய மனிதரை அப்படியே எங்கே கூட்டிப்போவது? கோயிலுக்குள் நுழைய முடியாது, வேன் சீட்டில் உட்கார வைக்க முடியாது. மாமா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, பக்கத்தில் இருந்த லாட்ஜைக் காட்டி, "அங்கன ஒரு பைப்புல கழுவிக்கிடுதேன் மச்சான்" என்றார்.

பெரியப்பாவுக்கு அப்படி ஒரு சிரிப்பு. "நல்லாயிருக்கே! குற்றாலத்துக்கு வந்து பைப்புல குளிச்சான் எங்க வீட்டு மாப்பிள்ளைன்னு நாளைக்கு விளாத்திகுளம் பூரா சிரிக்கவா? வாங்க, நமக்குன்னு ஒரு எடம் இருக்கு."

"அண்ணே, தடை போட்டிருக்காம்லா" என்றார் அப்பா.

"தடை வெளியூர்க்காரனுக்குல்லா. ஏலே, நான் பொறந்து வளந்த ஊர்ல எனக்குத் தண்ணி தெரியாதாலே?"

அப்பா அண்ணன் பேச்சைத் தட்டாதவர். அன்றும் தட்டவில்லை. நாசமாய்ப்போன மரியாதை.

பெரியப்பாவின் சிநேகிதர் ஒருவருக்கு மலையடிவாரத்தில் தென்னந்தோப்பு இருந்தது. தோப்புக்கு மேலே ஓர் ஓடை, ஒரு ஆள் உயரப் பாறையிலிருந்து விழும். வேன் சீட்டைக் காய்ந்த சாக்குப் போட்டு மூடி, மாமாவை அதன் மேல் உட்கார வைத்துக் கூட்டிப்போனோம். அங்கே தண்ணீர் தெளிவாகத்தான் இருந்தது. முழங்கால் ஆழம். அடியில் கூழாங்கல் தெரிந்தது. பெரியப்பாவுக்கு ஏக சந்தோஷம். "பாத்தியளா? கூட்டமுமில்ல, விசிலுமில்ல. ராஜா மாதிரி குளிக்கலாம்."

ஆனாலும் அவர் உடனே இறங்கவில்லை. கொஞ்ச நேரம் மலையையே பார்த்துக்கொண்டு நின்றார். மலை முகடு தெரியாமல் கறுத்துக் கிடந்தது. மாமா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். திரும்பிவிடுவோமா என்று இரண்டு பேரில் ஒருத்தர் கேட்டிருந்தால் போதும், மற்றவர் அப்பாடா என்று வேனில் ஏறியிருப்பார். இவர் அவருக்காகப் பார்த்தார், அவர் இவருக்காகப் பார்த்தார்.

"சட்டுனு நனஞ்சிட்டு ஏறிருவோம் மாப்ள" என்றார் பெரியப்பா.

"சரி மச்சான்" என்றார் மாமா.

என்னை அப்பா கரையில் தன்னோடு நிறுத்திக்கொண்டார். மாமா ஒவ்வொரு அடியாக வைத்து உள்ளே போனார். காலில் எண்ணெய், கல்லில் பாசி. பெரியப்பா தோளைப் பிடித்துக் கூட்டிப்போய் விழுகிற தண்ணீருக்குக் கீழே தலையைக் கொடுக்க வைத்தார். முதலில் மாமாவுக்கு மூச்சுத் திணறியது. அப்புறம் என்ன நினைத்தாரோ, என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார். பெரியப்பா கைகொட்டிச் சிரித்துவிட்டு ஓரத்துப் பாறையில் ஏறி உட்கார்ந்து சீயக்காய்ப் பொட்டலத்தைப் பிரித்தார்.

முதலில் சருகுதான் வந்தது. கொத்துக் கொத்தாகச் சருகும் சுள்ளியும். பிறகு தண்ணீர் டீ மாதிரி நிறம் மாறியது. மேலே எங்கோ லாரி வருகிற மாதிரி ஓர் உறுமல். பொட்டலத்தைப் போட்டுவிட்டுப் பெரியப்பா கத்தினார்: "மாப்ள, ஏறுங்க! இந்தப் பக்கம், இங்கன!"

கண்ணாடி இல்லாத மாமாவுக்கு எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. காதிலும் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. சத்தம் வந்த திசையில் கையை நீட்டினார். பெரியப்பா பாறையில் குப்புறப் படுத்து அந்தக் கையைப் பிடித்துவிட்டார். பிடித்தார், நான் என் கண்ணால் பார்த்தேன். முழங்கைக்கு மேலே இரண்டு கையாலும் பிடித்தார். அதற்குள் தண்ணீர் மாமாவின் மார்புக்கு வந்துவிட்டது. பிடி முழங்கைக்கு வந்தது, மணிக்கட்டுக்கு வந்தது, விரலுக்கு வந்தது. பிறகு பெரியப்பாவின் இரண்டு கைகளும் வெறுமனே நீட்டிக்கொண்டிருந்தன.

மாமா ஒரு சத்தமும் போடவில்லை. அப்பா என்னைத் தென்னை மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டுக் கரையோடு அலறிக்கொண்டு ஓடினார். பெரியப்பா எழுந்து கரைக்கு வந்த கொஞ்ச நேரத்தில் அவர் படுத்திருந்த பாறையே மூழ்கிப்போனது.

சாயங்காலம், அவர் பஸ் ஏற வேண்டிய நேரத்தில், கீழே தடுப்பணைப் பக்கம் முள்மரத்தில் சிக்கிக் கிடந்த மாமாவைத் தீயணைப்புக்காரர்கள் எடுத்தார்கள். வீட்டில் பாயசம் வரை சமைத்து வைத்திருந்தார்கள். யாரோ எல்லாவற்றையும் வாழைமரத்துத் தூரில் கொட்டினார்கள். அத்தை அழுததைப் பார்த்தேன், விழுந்து புரண்டதைப் பார்த்தேன். நடு ராத்திரிக்குப் பிறகு அவள் ஒன்றும் பேசவில்லை. பெரியப்பா மட்டும் அழவே இல்லை. போலீஸ் கேட்டதற்கு எல்லாம் தலையாட்டினார். அடிக்கடி எழுந்து போய் சோப்புப் போட்டுக் கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

மறுநாள் காலையில் மாமாவின் அம்மா வந்தார். உடம்பு இன்னும் ஆஸ்பத்திரியில்தான் இருந்தது. சண்டைக்கென்றே கிளம்பி வந்த ஆட்கள் கூடவே பத்துப் பன்னிரண்டு பேர். தடை போட்டிருக்கும்போது தண்ணீருக்கு ஏன் கூட்டிப்போனீர்கள், கேஸ் கொடுக்காமல் விடுவதில்லை என்று வாசலிலேயே சத்தம் போட்டார்கள். பெரியம்மா ஓடிப்போய் அவர்கள் காலில் விழுந்தாள். மாமாவின் அம்மா யாரையும் ஏறிட்டுப் பார்க்காமல் பட்டாசல் கூடத்துக்குள் வந்து, அத்தைக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். கூட வந்தவர்களைக் கைகாட்டி அடக்கிவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

"எம்புள்ள சின்னதுலருந்து கம்மாக்கரைக்கே போக மாட்டான். அவனாக் கேட்டானா, நீங்களாக் கூட்டிட்டுப் போனீகளா?"

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். சுவர் ஓரம் உட்கார்ந்திருந்த பெரியப்பா எழுந்து கையைக் கூப்பினார். "நான்தான்…" என்று தொடங்கினார்.

"அவுகதான் கேட்டாக" என்றாள் அத்தை.

நடு ராத்திரியிலிருந்து பேசாத தொண்டை, கரகரவென்று வந்தது. எல்லோரும் அவளைப் பார்த்தோம். அவள் யாரையும் பார்க்கவில்லை.

"கல்யாணத்துலருந்தே ஆசப்பட்டாக. ஒரு தடவ அருவில குளிச்சுப் பாத்துரணும்னு எங்கிட்ட சொல்லிட்டே இருப்பாக. அண்ணன் வேண்டாம்னுதான் சொன்னாக. இவுகதான் கேக்கல."

நான் அம்மாவின் சேலையை இழுத்து, "அத்தை மாத்திச் சொல்லுதா" என்றேன். அம்மா என் தொடையில் கிள்ளிய கிள்ளு ரெண்டு நாள் கன்றிப்போயிருந்தது. நடந்ததை மறந்துபோய்ப் பேசுகிற அத்தையை விட்டுவிட்டு, சரியாக ஞாபகம் வைத்திருக்கிற என்னை எதற்குக் கிள்ளுகிறாள் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

மாமாவின் அம்மா அத்தையையே வெகுநேரம் பார்த்தார். பிறகு இரண்டு கையாலும் அவள் கன்னத்தைத் தடவி, "ஆசப்பட்டுத்தான் போனானா? சரி தாயி. எம்புள்ள ஒண்ணும் கேட்டே பழக்கமில்லாதவன். இதயாவது கேட்டானே" என்று சொல்லி அவள் மடியில் சாய்ந்துகொண்டார். வாசலில் நின்றவர்கள் ஒவ்வொருவராகச் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார்கள்.

பெரியப்பா அப்போதுதான் ஓவென்று அழுதார். சுவரில் தலையை முட்டி முட்டி அழுதார். அப்பாவாலும் பிடிக்க முடியவில்லை. பாவம், மாமா செத்துப்போன துக்கம் அவருக்கு இப்போதுதான் வந்திருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.