சாட்சியில் இல்லாத பதினோரு நாட்கள்

தேவாலயச் சபையில் இடி தன் வாழ்க்கையைச் சாட்சியாகச் சொல்ல எழுந்தால் கைக்குழந்தைக்காரிகள்கூட எழுந்து வெளியே போக மாட்டார்கள். ஆறடி உயரம், முழங்கை வரை பச்சை குத்திய கைகள், கரகரத்த குரல். இருபது வருஷம் ஒரு ராக் குழுவில் டிரம்ஸ் வாசித்தவன். அவன் அடித்த அடியில் ஓர் அரங்கத்தின் கண்ணாடி விரிசல் விட்டது என்று யாரோ கதை கட்டிவிட, அன்றிலிருந்து 'இடி' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. அவன் அக்காவுக்கு மட்டும் அவன் எப்போதும் தம்பி.

சாட்சி ஒரே மாதிரிதான் தொடங்கும். "பத்தாயிரம் பேர் முன்னாடி வாசிச்ச கை இது. ஒரு டம்ளர் தண்ணியைத் தூக்க முடியாம நடுங்கிச்சு." இந்த இடத்தில் ஒரு கணம் நிறுத்துவான். முன்வரிசையில் யாராவது உச்சுக்கொட்டுவார்கள். அப்புறம் போதையில் இரண்டு காலுக்கும் இடதுகால் பூட்ஸையே மாட்டிக்கொண்டு மேடையேறிய கதை. குழுவின் பாட்டுக்காரன், தன்னுடையதும் அவனுடையதுமாக மிச்சமிருந்த இரண்டு வலதுகால் பூட்ஸோடு அவன் பின்னாலேயே வந்ததைச் சொல்லும்போது சபையே குலுங்கிச் சிரிக்கும். சிரிப்பு அடங்குகிற நேரம் பார்த்து, பேருந்து நிலையத்தில் அவனை விட்டுவிட்டுக் குழுவின் வேன் கிளம்பிப் போனதைச் சொல்வான். கைக்குட்டைகள் வெளியே வரும். தாளக்காரன் அல்லவா, எங்கே அடிக்க வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்பது கைவந்த கலை. பத்தாயிரம் பேர் என்பது உண்மையில் எண்ணூறு பேர். அதைக்கூட அவன் மனசு மன்னித்துவிடும். மன்னிக்காத ஒன்று வேறே இருந்தது. அது அவன் சாட்சியில் வராது. மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து அக்கா ஒவ்வொரு முறையும் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். இவன் எல்லாரையும் பார்த்துப் பேசுவான். மூன்றாவது வரிசையை மட்டும் தாண்டிவிடுவான்.

நடந்தது இதுதான்.

முதலில் மணிக்கட்டு வலிக்குத்தான் மாத்திரை போட்டான். வலி போன பிறகும் மாத்திரை போகவில்லை. ஒன்று இரண்டானது, இரண்டு ஆறானது, மாத்திரை கிடைக்காத நாட்களில் போதைப் பொடி. கடைசியில் பாட்டுக்காரன் அவனை உட்காரவைத்துச் சொன்னான்: "டேய், மூணு கச்சேரியில நீ தூங்கிக்கிட்டே வாசிச்ச. பொறுத்துக்கிட்டோம். நாலாவதுல வாசிக்காமலே தூங்கிட்ட. போதும்டா." டிரம்ஸ் செட்டை வாங்கி வைத்துக்கொண்டு அவனைப் பேருந்து நிலையத்தில் இறக்கிவிட்டுப் போனார்கள்.

அந்தச் சமயத்தில்தான் அக்கா மாடிப்படியில் விழுந்தாள். அவளுக்குத் திரைச்சீலை தைக்கிற வேலை. சுருட்டிய துணியைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கும்போது கால் இடறி, இடுப்பெலும்பு உடைந்துவிட்டது. அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்தபோது மூன்று வாரம் பக்கத்தில் ஆள் வேண்டியிருந்தது. அவள் கணவர், இடிக்கு மாமா, லிஃப்ட் மெக்கானிக். எந்தக் கட்டடத்தில் யார் மாட்டிக்கொண்டாலும் ஓட வேண்டிய வேலை. "வெளியாள் எதுக்கு? தம்பி இருக்கானே, அவன் பாத்துப்பான்" என்றாள் அக்கா.

அந்த வார்த்தை இடிக்குத் தேனாக இனித்தது. ஊரில் ஒரு நாற்காலியைக்கூட யாரும் அவனை நம்பி விட்டுப்போகாத காலம் அது. முதல் மூன்று நாள் தங்கமாக இருந்தான். சூப் வைத்துக் கொடுத்தான், தலை வாரிவிட்டான், கழிவறைக்குத் தாங்கிப் பிடித்துக் கூட்டிப்போனான். நாலாம் நாள் மாத்திரை டப்பாவைத் திறந்தான்.

அக்காவின் வலிக்கு மருத்துவர் கொடுத்திருந்தது அவன் தேடி அலைகிற அதே ரகம். அதே அலமாரியில் கால்சியம் மாத்திரைப் புட்டி ஒன்றும் இருந்தது. அதே வெள்ளை, அதே வட்டம். அக்கா தூங்குவதைப் பார்த்துவிட்டு, டப்பாவில் இருந்ததைத் தன் சட்டைப் பைக்கும் புட்டியில் இருந்ததை டப்பாவுக்கும் மாற்றினான். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.

டப்பா தீரும்வரை, பதினோரு நாள். தினம் மூன்று வேளை தன் கையாலேயே கொடுத்தான். தண்ணீர் டம்ளரைப் பிடித்துக்கொண்டு, "மெதுவா முழுங்குக்கா" என்றான்.

"இந்த மாத்திரை கேக்கவே மாட்டேங்குதுடா தம்பி."

"அரை மணி நேரம் ஆகும்க்கா. கண்ணை மூடிட்டுப் படு."

அவள் தலையணை ஓரத்தைப் பல்லால் கடித்துக்கொண்டு அந்த அரை மணி நேரத்துக்காகக் காத்திருப்பாள். இவன் அடுத்த அறையில், அவளுடைய மாத்திரையின் இதமான மயக்கத்தில், அவள் முனகலைக் கேட்டுக்கொண்டு கிடப்பான். கேட்கும், ஆனால் எங்கேயோ தூரத்தில் யாரோ மேசையை இழுக்கிற மாதிரிக் கேட்கும்.

பரிசோதனைக்குப் போனபோது மருத்துவர் எலும்பெல்லாம் சரியாக இருக்கிறது என்றார். "சிலருக்கு வலியைத் தாங்குற சக்தி கொஞ்சம் கம்மிம்மா. மனசைத் தைரியமா வச்சுக்குங்க." அன்று வீடு திரும்பும்போது மாமா சிரித்தார்: "இவளுக்கு நகம் வெட்டினாக்கூட ஆம்புலன்ஸ் கூப்பிடணும்!" அது குடும்பத்தில் நிரந்தர நகைச்சுவையாகிவிட்டது. பிறந்தநாளில், விருந்தில், யாருக்காவது தும்மல் வந்தால்கூட, அந்த ஆம்புலன்ஸ் வந்துவிடும். அக்காவும் எல்லாரோடும் சேர்ந்து சிரிப்பாள்.

இரண்டு மாதம் கழித்து ஒரு பெட்ரோல் பங்க் கழிவறையில் போதை மீறி நினைவிழந்து கிடந்த இடியைக் கதவை உடைத்து வெளியே எடுத்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து அக்காதான் அவனைச் சபையின் மறுவாழ்வு இல்லத்துக்குக் கொண்டுபோனாள். பழைய அச்சகக் கட்டடம், எட்டுக் கட்டில், சுவரில் இன்னும் மை வாசனை. அதை நடத்தியவர் குழாய் வேலைக்காரர்; இடியைவிட மூன்று வயது இளையவர்; ஒரு காலத்தில் அவரும் இதே சேற்றில் கிடந்தவர்.

ஆறாம் நாள் உடம்பு முறுக்கி எடுத்தபோது குழாய்க்காரர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "ஜெபம் பண்ணலாமா?"

"எனக்கு வராதுங்க."

"வரலேன்னா விடுங்க. பொய் சொல்லாம ஒரு பத்து நிமிஷம் ஆண்டவர் முன்னாடி உக்காருங்க. அவ்வளவுதான் கேக்கிறேன்."

உட்கார்ந்தான். பல் கிட்டிக்கொண்டது. ஏழெட்டு நிமிஷம் ஒன்றுமே இல்லை. பிறகு வாயிலிருந்து தானாக வந்தது: "ஆண்டவரே, எனக்கு மாத்திரை வேணும். உம்மைவிட எனக்கு அதுதான் வேணும்."

திட்டு விழும் என்று பார்த்தான். குழாய்க்காரர் "ஆமென்" என்றார்.

அதன்பின் காலையும் மாலையும் அவனுக்கு அதே ஜெபம்தான். வெட்கமாக இருந்தது, ஆனால் பொய்யில்லை. ஐந்தாவது மாதம் ஒரு காலை, முகம் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்து, "ஆண்டவரே, உம்மைவிட எனக்கு" என்று தொடங்கினான். மேலே போகவில்லை. தொடங்கிய வாக்கியம் இப்போது உண்மையில்லை என்று தெரிந்தது. எப்போது மாறியது, யார் மாற்றினார்கள், ஒன்றும் புரியவில்லை. பொய் சொல்லக்கூடாது என்று ஒப்பந்தம். வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான். குழாய்க்காரர் கழிவறையில் அடைப்பு எடுத்துக்கொண்டிருந்தவர் கையைக்கூடக் கழுவாமல் ஓடி வந்தார்.

அந்தக் காலைக்குப் பிறகு அவன் போதையைத் தொடவில்லை. டயர் கடையில் வேலை கிடைத்தது. ஞாயிறு ஆராதனையில் டிரம்ஸ் கிடைத்தது. போதகர் சாட்சி சொல்லக் கேட்டபோது எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்றுதான் மேடையேறினான். மூன்றாவது வரிசையில் அக்கா, தைத்து முடித்த பெருமையோடு துணியைப் பார்ப்பதுபோல் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாய் பூட்ஸ் கதைக்குத் தாவிவிட்டது. ஜனங்கள் சிரித்தார்கள். அடுத்த முறை பூட்ஸ் கதை இன்னும் நன்றாக வந்தது. வெளியூர்ச் சபைகளிலிருந்தும் கூப்பிடத் தொடங்கினார்கள். ஐந்து வருஷம் இப்படியே ஓடியது. உண்மையைப் பேசித்தான் எழுந்தோம், இப்போது அதை வைத்தே பொய் சொல்கிறோம் என்று அவனுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே அடுத்த ஊருக்கும் போவான்.

அப்படி ஒரு ஊருக்கு அக்காவும் மாமாவும் கூட வந்தார்கள். அக்கா கன்னத்தை மறைத்துச் சால்வை சுற்றியிருந்தாள். கூட்டம் முடிந்ததும் பெண்களிடம் "என் தம்பிதான்" என்று வாயைப் பாதி திறந்து சொல்லிக்கொண்டிருந்தாள். திரும்பும் வழியில் காய்ச்சல் கொதித்தது. சால்வையை விலக்கினால் முகம் ஒருபக்கம் பூசணியாக வீங்கியிருக்கிறது. "பல்லுதானே? கூப்பிடுங்கப்பா ஆம்புலன்ஸை!" என்றார் மாமா வண்டி ஓட்டிக்கொண்டே. அக்கா சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை.

மறுநாள் பல் மருத்துவர் சீழை எடுத்துவிட்டு ஆச்சரியப்பட்டார். "மூணு வாரமாவது இருந்திருக்கும். எப்படிம்மா தாங்கினீங்க? ஏன் முன்னாடியே வரலை?"

மரத்த வாயோடு அக்கா சொன்னாள்: "எனக்கு வலி தாங்காது டாக்டர். சின்னதைப் பெருசாக்குற சுபாவம். இதுவும் அப்படித்தான்னு நினைச்சு பேசாம இருந்தேன்."

இடி சுவரோரம் அவள் கைப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றான். பதினோரு நாளோடு முடிந்தது என்று நினைத்திருந்தான். அந்தப் பதினோரு நாள் இவள் மண்டைக்குள் ஆறு வருஷமாக ஓடிக்கொண்டிருக்கிறது.

மூன்று நாள் கழித்து அவள் தையல் அறைக்குப் போனான். கதவைச் சாத்திவிட்டுச் சொன்னான். பூட்ஸ் கதையின் சாமர்த்தியம் ஒன்றும் கைகொடுக்கவில்லை. நாக்கு குழறியது. சொன்னதையே இரண்டு தரம் சொன்னான்.

அக்கா தைத்துக்கொண்டிருந்த விளிம்பைக் கடைசிவரை தைத்து, நூலை வெட்டினாள். "எத்தனை நாள்?"

"பதினோரு நாள்க்கா."

"எனக்கு என்ன குடுத்தே?"

"கால்சியம் மாத்திரை."

"அப்போ எனக்கு நிஜமாவே வலிச்சிருக்கு."

"ஆமாக்கா."

"நான் வேஷம் போடலை."

"இல்லக்கா."

அவள் துணியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். அந்த அழுகை தன்னைப் பற்றியது இல்லை, அவளுடைய வலிக்கானது என்பது அவனுக்குப் புரிந்தது. தொடப் போனவன் கையை இழுத்துக்கொண்டான்.

பிறகு தலையைத் தூக்கினாள். "உன் மாமாகிட்டப் போய்ச் சொல்லு. இன்னிக்கே. நான் சொன்னா நம்ப மாட்டார். இன்னொண்ணு. இதை மேடையில சொல்லிடாதே. சொன்னா எல்லாரும் அழுது உன்னைக் கட்டிப்பிடிச்சுப்பாங்க. இது உன் சாட்சி இல்லடா, என் வலி. கிளம்பு."

மாமா ஒரு பதினாலு மாடிக் கட்டடத்தின் உச்சியில், லிஃப்ட் இயந்திர அறையில் கிரீஸ் போட்டுக்கொண்டிருந்தார். இவனைப் பார்த்ததும், "என்ன மாப்ளே, இவ்வளவு தூரம்?" என்றார் சந்தோஷமாக. எல்லாவற்றையும் சொல்லி முடித்தான். அடிப்பார் என்று இடி எதிர்பார்த்தான். அடித்தால் தேவலை என்றிருந்தது. அவர் பழந்துணியை எடுத்து ஒவ்வொரு விரலாகத் துடைத்தார்.

"ஆறு வருஷமா நான் அவளைக் கேலி பண்ணிட்டிருக்கேன்டா" என்றார். "எல்லார் முன்னாடியும்." திரும்பிக்கொண்டார். கிரீஸ் டப்பாவை மூடிவிட்டு, "படியில இறங்கிப் போ. லிஃப்ட் இன்னும் சரியாகலை" என்றார்.

பதினாலு மாடியும் இறங்கினான்.

அடுத்த ஞாயிறு மூன்றாவது வரிசை காலியாக இருந்தது. அக்கா விடியற்காலை ஆராதனைக்கு மாறிவிட்டாள். போதகர் அடுத்த ஊர்க் கூட்டத்துக்குத் தேதி கேட்டபோது இடி, "என் சாட்சி முழுசா இல்லைங்கய்யா. முழுசா சொல்ல எனக்கு அனுமதியும் இல்லை" என்றான். போதகர் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு மேற்கொண்டு தோண்டவில்லை. சாட்சி நின்றது. கட்டிப்பிடிப்பும் கைகுலுக்கலும் நின்றன. சபையில் ஆராதனைக்குப் பிறகு காப்பிக் கோப்பை கழுவுகிற வேலையை வாங்கிக்கொண்டான். அந்த மாதங்களில் ஒரு மத்தியானம், டயரைக் கழற்றிக்கொண்டிருக்கும்போது, பழைய ஆசை நெஞ்சைக் கவ்வியது. முதலாளியிடம் சொல்லிவிட்டுக் குழாய்க்காரர் வேலை செய்கிற இடத்துக்கே நடந்து போய், அவர் சாமான் பெட்டிமேல் உட்கார்ந்து, "ஆண்டவரே, இன்னிக்கு அது வேணும்போல இருக்கு" என்றான். குழாய்க்காரர் குழாயின் மறையை முடுக்குவதை நிறுத்தாமலே கூடச் சேர்ந்து ஜெபித்தார். சாயந்தரம் வரை அவருக்குக் குழாய் பிடித்துக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனான்.

ஏழு மாதம் கழித்து அக்காவிடமிருந்து போன் வந்தது. நலம் விசாரிப்பு ஒன்றுமில்லை. "ஒரு மண்டபத்துக்குத் திரைச்சீலை மாட்டணும். உயரமான ஆள் வேணும். சனிக்கிழமை வர முடியுமா?"

போனான். மாமா தலையை மட்டும் அசைத்தார். ஏணியில் இவன் நின்று கொக்கி மாட்ட, அக்கா கீழேயிருந்து மடிப்புகளைச் சரிபார்த்தாள். "இடது பக்கம் ஏத்து... ரொம்ப ஏத்திட்டே, இறக்கு" என்பதைத் தவிர மூன்று பேரிடமும் பேச்சில்லை. பாதி ஜன்னல் முடிந்தபோது அக்கா துணியைக் கீழே விட்டாள்.

"எனக்கு இடுப்பு வலிக்குது. ரொம்ப வலிக்குது. நான் உக்காரணும்" என்றாள், மண்டபம் முழுக்கக் கேட்கும்படி.

மாமா மண்டபத்தின் அந்தக் கோடிக்கு ஓடி நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார். அவள் கையைப் பிடித்து உட்காரவைத்து, முதுகுக்கு ஒரு துணிச்சுருளை முட்டுக்கொடுத்தார். நாற்காலிப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துகொண்டார். ஏணிமேல் இடி அடுத்த கொக்கியை மாட்டவில்லை. கீழே பார்க்கத் தைரியமில்லாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"என்னடா மரம் மாதிரி நிக்கிறே?" என்றாள் அக்கா கீழேயிருந்து. "இன்னும் நாலு ஜன்னல் இருக்கு. மாட்டு."