தொட்டால் கெட்டுப்போகும்

ஆவடியில் நடந்த அந்தக் கோடை முகாமில் தங்குமிடம், சாப்பாடு, கம்ப்யூட்டர் பாடம் எல்லாமே இலவசம். ஆனால் தமிழ் மீடியத்தில் படித்த எங்களை மட்டும் பதினெட்டு நாளும் சுவரோரமே நிற்க வைத்தார் கம்ப்யூட்டர் சார்.

"தொட்டா கெட்டுப்போயிடும். பார்த்து நோட்டுல எழுது!"

ஓசியில் வந்தவள் என்ன கேட்பது என்று நானும் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

ஒருநாள் சார் டீ குடிக்கப் போயிருந்தார். அறையைக் கூட்டும் அக்கா துணியால் கீபோர்டை அழுத்தித் துடைத்தார்.

"தொடாதீங்க, கெட்டுப்போயிடும்!" என்று கத்தினேன்.

"தெனம் தொடச்சிகினுதான கீறேன், இன்னா கெட்டுச்சு? நீ வந்து குந்து பாப்பா" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார்.

என் பெயரைத் தட்டினேன். திரையில் வந்தது. ஒன்றும் கெடவில்லை.

சார்மேல் உள்ள கோபம் இன்றும் ஆறவில்லை. அதைவிடக் கோபம், அவர் வார்த்தையை அவர் குரலிலேயே அக்காவிடம் கத்திய என்மேல்தான்.