கொலுவில் நின்ற ஒல்லாந்துப் படை

பொழுதுபோக்கு என்று ஒன்றை வைத்துக்கொள்ள ஆசைப்படுகிறவன் முதலில் வீட்டில் உள்ளவர்களை எங்கேயாவது அனுப்பிவிட வேண்டும். இதை நான் யாருக்கு வேண்டுமானாலும் கையெழுத்துப் போட்டுத் தருவேன்.

கொழும்பு வெள்ளவத்தையில் கடலை நோக்கி இறங்கும் ஒரு ஒழுங்கையில், மாடி பிளாட்டில், எங்கள் சாப்பாட்டு மேசையின் பாதி என்னுடையது. பூதக்கண்ணாடி பொருத்திய விளக்கு, நாலு முடி மட்டுமே மிஞ்சிய பிரஷ், குட்டிக் குட்டிப் பெயிண்ட் போத்தல்கள். சுண்டுவிரல் உயரம்கூட வராத போர்வீரர்களை ஒட்டி, அரத்தால் உரசி, சட்டைப் பொத்தான் வரைக்கும் நிறம் பூசுவது என் வேலை. சம்பளம் தருகிற வேலை வேறு. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

இரண்டு வருடமாக மன்னார்க் கோட்டையைச் செய்துகொண்டிருந்தேன். மதில், கொத்தளம், மேலே ஒல்லாந்தர் காலத்துக் காவற்படை. நீலக் கோட்டு, முக்கோணத் தொப்பி, தோளில் அணைத்து நீட்டிய துவக்கு. மதிலின் நிறம் சரிவரவில்லை என்பதற்காகவே மனைவியையும் கூட்டிக்கொண்டு மன்னாருக்குப் போனேன். நான் நிற அட்டையைச் சுவரில் வைத்து வைத்துப் பார்க்க, அவள் குடையைப் பிடித்துக்கொண்டு, “இந்தச் சுவத்தப் பாக்கத்தான் இவ்ளோ தூரம் வந்தோமா?” என்றாள். பக்கத்தில் வந்த காவலாளி, “அங்கிள், மொகத கரன்னே?” என்று நான் செய்வது என்னவென்று சிங்களத்தில் விசாரித்தான். பொம்மைக்குப் பூசப் பெயிண்ட் பார்க்கிறேன் என்று என் அரைகுறைச் சிங்களத்தில் விளக்கினேன். அவன் என்னை விட்டுவிட்டு என் மனைவியைப் பரிதாபமாகப் பார்த்தான்.

அந்தக் கோட்டை கொழும்பில் நடக்கவிருந்த ஒரு கண்காட்சிக்குப் போகவேண்டியது. எங்களைப் போன்ற கிறுக்கர்கள் ஒரு மண்டபத்தை வாடகைக்கு எடுத்து, ஒரேயொரு சனிக்கிழமை, ஒருவர் செய்ததை மற்றவர் குறை சொல்லும் நிகழ்ச்சி. போனதடவை என் வீரர்களின் சப்பாத்தில் குறை கண்டுபிடித்தார்கள். இந்தமுறை வாயைத் திறக்க விடுவதில்லை என்று கங்கணம் கட்டியிருந்தேன்.

இந்த நேரம் பார்த்து மாமியார் வந்து சேர்ந்தார். கொட்டாஞ்சேனையில் தனியாக இருந்தவர். அந்த வீட்டு மாடிப்படி செங்குத்தானது. அதில் சறுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்து, கட்டுப் போட்டு, இங்கே கூட்டிவந்தோம். கட்டு அவிழ்த்த நாளிலிருந்து ஒரே பாட்டு. “விஜயதசமி முடிஞ்சதும் நான் என் வீட்டுக்குப் போயிடுவேன்.” போனால் மறுபடி அதே படி, மறுபடி தனிமை. இந்தமுறை விழுந்தால் யார் பார்ப்பது என்ற நினைப்பிலேயே என் மனைவிக்குச் சோறு இறங்கவில்லை. அம்மாவை இங்கேயே இருக்க வைக்க என்னென்ன வழி உண்டோ எல்லாம் செய்து பார்த்தாள். கட்டில் மாற்றினாள், மிக்சி மாற்றினாள், தொலைக்காட்சியில் சேனல் மாற்றினாள். மாமியார் மட்டும் மாறவில்லை. விஜயதசமிக்கு அடுத்த நாளுக்கு வான்கூடச் சொல்லியாகிவிட்டது.

போகிறதுக்கு முன்னால் கொலு வைக்கவேண்டுமாம். எங்கள் யாழ்ப்பாணத்துப் பக்கத்தில் அது பெரிதில்லை. கும்பம் வைப்போம், புத்தகம் அடுக்குவோம், அவல் கடலை சாப்பிடுவோம், முடிந்தது. மனைவியின் வீட்டார் இந்தியாவிலிருந்து வந்து செட்டியார் தெருவில் கடை வைத்த குடும்பம். அவர்களுக்குப் படி ஒற்றைப்படையில் இருக்கவேண்டும். வருடாவருடம் ஒரு புதுப் பொம்மையாவது சேர்க்கவேண்டும். ஒருதரம் படியில் ஏற்றிய பொம்மையை விஜயதசமி இரவு படுக்க வைக்கும்வரை அசைக்கக் கூடாது. இந்தக் கடைசிச் சட்டம் எனக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தால் கோட்டையைக் கட்டிலுக்கு அடியில் ஒளித்து வைத்திருப்பேன்.

நவராத்திரி தொடங்குகிற சமயம் நான் திருகோணமலைக் கோட்டையில் பீரங்கி பார்க்கப் போயிருந்தேன். திரும்பிவந்து கதவைத் திறந்தால், என் மேசை காலி. ஹாலில் படிகள். கீழ்ப்படியில் மன்னார்க் கோட்டை. அதற்கு மேல்படியில், பலசரக்குக் கடை வைத்திருக்கும் மண் செட்டியாருக்கும் அவர் மனைவிக்கும் இரண்டு பக்கமும் என் படை வரிசையாக நின்றது. ஒவ்வொருவனுடைய நெற்றியிலும் குங்குமப் பொட்டு.

ஒவ்வொருவனுடைய காலையும் மதிலில் பசை போட்டு ஒட்டியிருந்தேன். எப்படி வந்தான்கள்?

“வெங்காயம் வெட்டுற கத்தியால லேசா நெம்பினேன்,” என்றாள் மனைவி. “துவக்கெல்லாம் அம்பாளப் பாத்து நீட்டிக்கிட்டு இருந்துச்சு. அம்மா ஆகாதுன்னாங்க.”

“பொட்டு?”

“வெறும் நெத்தியோட கொலுவுல நிக்கலாமான்னு அம்மா கேட்டாங்க. அவங்க கை இன்னும் நடுங்குது. நான்தான் நெருப்புக்குச்சியால வச்சேன்.”

மாமியார் கதிரையில் இருந்து, “புதுப் பொம்மை வாங்க இந்தத் தடவை எங்க போறது மாப்ள? வீட்டுலேயே இவ்வளவு அழகா இருக்கே. நல்லா செஞ்சிருக்கீங்க,” என்றார். இத்தனை வருடத்தில் என் வேலையைப் பற்றி இந்த வீட்டில் கேட்ட முதல் பாராட்டு. அதை அனுபவிக்கக்கூட விடாமல் பண்ணிவிட்டார்கள்.

“மாமி, இது பொம்மை இல்லை. சனிக்கிழமை இதை நான் கொண்டுபோகவேணும்.”

மனைவி என்னைக் குசினிக்குள் இழுத்துப் போனாள். “கொலு கலைஞ்சா அபசகுனம்னு சொல்லி அன்னைக்கே கிளம்பிடுவாங்க. உங்க கால்ல விழுறேன், எடுக்காதீங்க.” கண் கலங்கியிருந்தது. இருபத்துச் சொச்ச வருடம் குடும்பம் நடத்தியவனுக்கு இதற்குப் பிறகு என்ன வாய் இருக்கிறது? ஆனால் வயிறு எரிந்தது. நன்றாகவே எரிந்தது.

தினமும் பின்னேரம் பெண்கள் வந்தார்கள். சுண்டல் சாப்பிட்டார்கள். ஒருத்தி, “இவங்க எல்லாம் யாரு, முருகனோட படையா?” என்று கேட்டாள். “ஒல்லாந்துக்காரர்,” என்றேன். “ஓ, வெளிநாட்டுல வாங்கினதா?” என்றாள். நான் எழும்பிப் பல்கனிக்குப் போய்விட்டேன்.

சனிக்கிழமை வந்தது. எங்கள் கண்காட்சிக் குழுவில் உள்ள சிங்கள நண்பர் மண்டபத்திலிருந்து போன் எடுத்து, கோட்டை எங்கே மச்சான் என்றார். பூசையில் இருக்கிறது என்றேன். குடித்திருக்கிறாயா என்று கேட்டார். அந்த நேரத்தில் குடித்திருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். அன்று முழுவதும் ஹாலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தேன். மாமியார் இரண்டுதரம் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். கை நடுங்கி, பாதி சோசரில்தான் இருந்தது.

விஜயதசமி இரவு ஒரு பொம்மையைப் படுக்க வைத்தார்கள். அது என் கப்டன். வேறு ஆள் கிடைக்கவில்லை போலும்.

மறுநாள் காலையில் பஞ்சு விரித்த பெட்டியோடு ஹாலுக்குப் போனேன். படிகள் வெறுமையாக இருந்தன. மாமியார் தரையில் கால் நீட்டி இருந்து, பழைய வேட்டித் துணியைக் கிழித்து என் வீரர்களை ஒவ்வொருவராகச் சுற்றி, தன்னுடைய தகரப் பெட்டிக்குள் செட்டியாருக்குப் பக்கத்தில் அடுக்கிக்கொண்டிருந்தார்.

“மாமி, அது என்ரை சாமான்,” என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

“உங்களோடதுதான், யாரு இல்லைன்னா? அடுத்த வருஷம் வைக்கணும்ல. ஒங்க மேசையில கெடந்தா தூசி ஏறிடும்.”

“அடுத்த வருசம் எங்கை வைக்கப் போறியள்?”

அவர் நிமிர்ந்து பார்த்தார். என்ன கேள்வி கேட்கிறான் இவன் என்பது போன்ற பார்வை. “இங்கதான். இந்தச் சுவரோரமா. அந்தப் பக்கம் வெயில் அடிக்குது மாப்ள, சாயம் போயிடும்.”

பின்னால் மனைவி நின்றதை நான் கவனிக்கவில்லை. அவள் நேராக அறைக்குள் போய், பின்னேரம் வரச்சொல்லியிருந்த வான்காரருக்குப் போன் எடுத்து, வேண்டாம் அண்ணே, இனித் தேவைப்படாது என்று சொல்வது கேட்டது. அதற்குப் பிறகு மூக்கை உறிஞ்சும் சத்தம்.

இரண்டு வருட உழைப்பு வேட்டித் துணிக்குள் போய்க்கொண்டிருந்தது. சண்டை பிடிக்கத்தான் வாயைத் திறந்தேன். “துவக்கு வளைஞ்சிடும் மாமி,” என்று சொல்லி, என் பெட்டியில் இருந்த பஞ்சை எடுத்து அவர் மடியில் வைத்தேன்.