வளரக் கூடாத தம்பி

என் உள்ளங்கைகளில் ஏறி நிற்கும்போது தம்பியின் பாதங்கள் சில்லென்றிருக்கும். ரிவர்ஸ்டன் மலைப் பக்கமிருந்து இறங்கும் பனி எங்கள் பள்ளிக்கூட மண்டபத்துக்குள்ளும் வந்துவிடும். பழைய மெத்தைகளைப் போட்டு அதன்மேல்தான் ஜிம்னாஸ்டிக்ஸ் பழகுவோம். கைகளை நீட்டி அவனைத் தலைக்குமேல் நிறுத்தியதும் பிள்ளைகளின் சத்தம் அடங்கிவிடும். கீழே நிற்பவனால் மேலே நிற்பவனைச் சரியாகப் பார்க்க முடியாது. அவன் மூச்சு விடுவது மட்டும் மணிக்கட்டில் தெரியும்.

அப்போது அவனுக்குப் பதின்மூன்று வயது. பார்த்தவர்கள் எட்டு என்பார்கள். தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் அவனுக்கு ‘சுண்டு’ என்று பெயர், அரிசி அளக்கிற சின்னத் தகரச் சுண்டுதான். “டேய் சுண்டு, மழைத் தண்ணி அடிச்சிட்டுப் போயிரப் போகுது, ஓரமா நில்லுடா” என்பாள் பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் சித்தி. “நான் போயிட்டா ஒங்க கூரைத் தகரத்துல யாரு ஏறுவாங்க சித்தி?” என்று திருப்பிக் கேட்பான். ஆனால் மிட்வைஃப் மிஸ் அவனைத் தராசில் ஏற்றி, “வயசுக்கேத்த எடை இல்லையேம்மா” என்று திரிபோஷ சத்துமாப் பைக்கட்டை நீட்டும்போது அம்மா தலையைக் குனிந்துகொண்டுதான் வாங்குவாள்.

அந்த உடம்பை முதன்முதலில் நல்ல உடம்பு என்று சொன்னவர் எங்கள் விளையாட்டு ஆசிரியர், எங்களுக்கு ‘சேர்’. மாத்தளை டவுனிலிருந்து வரும் சிங்களவர்; தம்பி என்பதைச் சிங்களத்தில் ‘மல்லி’ என்பார். “மல்லி, இந்த சைஸ் கொழும்பிலே தேடியும் கெடைக்காது” என்றார். தம்பி அன்று வீடு வரைக்கும் குதித்துக்கொண்டே வந்தான். அக்ரோபட்டிக் ஜிம்னாஸ்டிக்ஸ் உலகப் போட்டிகளின் பழைய வீடியோக்களை சேர் தன் போனில் சேர்த்து வைத்திருந்தார். முதல் உலகப் போட்டி மாஸ்கோவில் நடந்ததாம், எங்கள் அப்பா கைக்குழந்தையாக இருந்த காலத்தில். அந்நாட்களில் சோவியத்காரர்களும் பல்கேரியர்களும்தான் பதக்கங்களை அள்ளிக்கொண்டு போனார்களாம். மலை மாதிரி ஓர் ஆள் கீழே நிற்பான். அவன் கையில் சின்னப் பையன் ஒருவன் தலைகீழாக நிற்பான். தம்பி அதையெல்லாம் மனப்பாடமாக்கி, தண்ணீர்க் குழாயடியில் சினிமாக் கதை மாதிரிச் சொல்வான். “ஒலிம்பிக்ல இது இல்லைங்க. அதனால இதுக்கு உலகப் போட்டிதான் பெருசு. மேல நிக்கிறவன் எம்புட்டுக் குட்டியோ அம்புட்டு நல்லதுங்க.”

வெளிநாட்டுப் போட்டி ஒன்றுக்கு அணி தேர்ந்தெடுக்கக் கொழும்பில் தேர்வு வைப்பதாகவும், நாங்கள் இருவரும் போகலாம் என்றும் சேர் சொன்ன வருடம்தான் அவனுடைய சட்டைக் கை குட்டையாகத் தொடங்கியது. அம்மாவுக்கு அதில் அவ்வளவு சந்தோஷம். அதற்குப் பிறகு அவன் தட்டிலிருந்து ரொட்டி என் தட்டுக்கு வர ஆரம்பித்தது. “எனக்கு வயிறு நெறஞ்சிருச்சு, நீ தின்னுண்ணே. தூக்குறவனுக்குத்தானே பலம் வேணும்.” திரிபோஷ உருண்டையும் அப்படியே வந்தது. “சின்னவனுக்கு அண்ணன்னா உசிரு” என்று அம்மா கொழுந்து பறிக்கும் மலையில் எல்லோரிடமும் சொல்லிப் பூரித்தாள். அந்த வருடம் நான் மூங்கில் மாதிரி வளர்ந்தேன்.

கொழும்பில் மெத்தைக்குப் போகுமுன் தேர்வு நடத்திய ஓர் அம்மையார் ஜோடி ஜோடியாகக் கூப்பிட்டு உயரம் பார்த்தார். எங்களை அருகருகே நிறுத்தி, என் தொண்டைக்குழியில் அளவுகோலை வைத்து அதைத் தம்பியின் தலைப்பக்கம் நீட்டினார். அவன் உச்சி அதற்கு எட்டவில்லை. “நேரா நில்லுங்க மல்லி” என்று சிங்களத்தில் சொன்னார். நான் குனிந்து பார்த்தேன். தம்பி யாருக்கும் தெரியாமல் முழங்காலை மடக்கி நின்றுகொண்டிருந்தான். என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். அம்மையார் முழங்காலைத் தொட்டதும் நிமிர்ந்தான். அப்போதும் எட்டவில்லை.

மேலே நிற்பவர் இவ்வளவு குட்டையாக இருந்தால் இந்தப் போட்டியில் புள்ளி வெட்டுவார்கள் என்று அவர் சேரிடம் விளக்கினார். சேர் போனைக் கையில் எடுத்துக்கொண்டு, “பழைய போட்டியிலே எல்லாம்...” என்று தொடங்கினார். “அது பழைய காலம் சேர்” என்றார் அம்மையார். நாங்கள் ஒரு தடுமாற்றமும் இல்லாமல் செய்தோம். கைதட்டினார்கள். வெட்டிய புள்ளியில் கீழே போனோம். வேறொரு ஜோடி தேர்வானது.

திரும்பி வரும் பஸ்ஸில் தம்பி ஜன்னலைப் பார்த்தபடி வந்தான். குருநாகல் தாண்டிய பிறகு கேட்டான்: “அப்ப சாப்பிட்டிருக்கலாமாண்ணே?”

ரொட்டி எல்லாம் ஏன் என் தட்டுக்கு வந்தது என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. வீட்டில் அம்மாவுக்குத் தெரிந்தபோது அடுப்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். “ஊரெல்லாம் புள்ள வளரணும்னு சாமிக்கு நேந்துக்குது. என் புள்ள வளரக் கூடாதுன்னு பட்டினி கெடந்திருக்கானே...” அப்பா வெளியே போய் நின்றார்.

அதற்குப் பிறகு தம்பி கொடுத்ததையெல்லாம் சாப்பிட்டான், அடுத்த தேர்வுக்குள் வளர்ந்துவிடலாம் என்று. வளரவில்லை. பசி தடுத்ததா, அவன் உடம்புவாகே அதுதானா என்று டாக்டரும் உறுதியாகச் சொல்லவில்லை. நானோ இன்னும் உயர்ந்துகொண்டே போனேன். தம்பியைக் குட்டையான வேறு பையனோடு ஜோடி சேர்த்துவிடுகிறேன் என்று சேர் ஆள் தேடியும் பார்த்தார். “அண்ணன் கையத் தவிர எனக்கு வேற கை தெரியாது சேர்” என்று தம்பி மறுத்துவிட்டான்.

எங்கள் வீட்டில் முதலில் படித்து முடித்தவன் நான். இப்போது மாத்தளையில் வேலை பார்க்கிறேன். தம்பி கலேவெலயில் மரக்கறிக் கடையில் நிற்கிறான், ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்கு வருவான். போன ஞாயிறு சாப்பிடும்போது என் போனில் அண்மைய உலகப் போட்டி ஒன்றைப் போட்டுக் காட்டினேன். கையைக் கழுவாமல் எட்டிப் பார்த்தான்.

“அந்தப் பயலப் பாருண்ணே, அண்ணங்காரன் கழுத்துக்கு வர்றான்” என்றான். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தட்டைத் துடைத்துத் தின்று முடித்தான். பிறகு அடுப்படிப் பக்கம் திரும்பி, “அம்மா, இன்னொரு ரொட்டி போடுங்க” என்றான்.

இனி வளர்கிற வயதில்லை என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். அம்மா மாவைக் கொஞ்சம் பெரிதாகவே கிள்ளினாள்.