குட்டைப் பசுவின் கடைசிச் சினை

எங்கள் மாடுகள் என் இடுப்புக்குச் சற்று மேலே நிற்கும், அவ்வளவுதான். வெள்ளவத்தைக் கால்வாய்க் கரையில் ஐயா வேலியடைத்து வைத்திருந்த காணித் துண்டில் அவை வளர்ந்தன. பசு பாலுக்கு, காளை வண்டிக்கு. ஆண் கன்றுகளைக் காயடித்து, கொச்சிக்கடைப் பண்டகசாலைச் சந்துகளில் ஒற்றை மாட்டு வண்டி ஓட்டுகிறவர்களுக்குக் கொடுப்போம். பெரிய மாடு திரும்ப முடியாத சந்தில் எங்களுடையது திரும்பும். "உங்கட மாடு சின்னன், கோவம் மட்டும் பெரிசு" என்றார் அங்கே ஒரு வண்டிக்காரர். அந்தப் பேச்சை ஐயா கண்டவருக்கெல்லாம் சொல்லித் திரிந்தார்.

காயடிக்காமல் ஒரேயொரு காளையை இனத்துக்கென்று விட்டுவைப்பது ஐயாவின் வழக்கம். அதைத் தொட யாரையும் விடமாட்டார்.

பாலை நாங்கள் போத்தலில் கொண்டுபோவதில்லை. தண்ணீர் கலந்திருக்கும் என்று சனம் சந்தேகப்படும். பசுவையும் கன்றையும் வீட்டு வாசல் கேற்றடிக்கே ஓட்டிப்போய், வீட்டுக்காரரின் செம்பில், அவர்கள் கண்ணுக்கு முன்னாலேயே கறப்போம். அங்கேதான் எனக்கு வெட்கம் பிடித்தது. செம்பு நிரம்பாது. ஹெவ்லொக் டவுனில் ஒரு ரீச்சர் செம்பைச் சரித்துப் பார்த்துவிட்டு, "தம்பி, இது பசுவோ, ஆடோ?" என்றார். பக்கத்து வளவிலும் சிரிப்புக் கேட்டது.

எனக்கு அப்போது இருபத்தைந்து வயது. ஐயாவைப் பிடுங்கத் தொடங்கினேன். சினை ஊசி போடுகிற அரசாங்க ஊசிக்காரர் வந்தால் வெளிநாட்டுப் பெரிய சாதியில் சினைப்படுத்திவிடுவார், பிறக்கிற பெட்டைக் கன்று இரண்டு மடங்கு கறக்கும், காளையே தேவையில்லை என்றேன்.

"அப்ப காளை?"

"வண்டிக்காரர் கேட்டுக்கொண்டெல்லோ இருக்கிறார். காயடிச்சுக் குடுப்பம்."

"வெட்டினதைத் திருப்பி ஒட்டேலாது மோனை. யோசி."

"யோசிச்சிட்டன் ஐயா."

யோசிக்கவில்லை. செம்பைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

காளை போயிற்று. பால் மறந்த ஆண் கன்றும் அதே வழியில் போயிற்று. கொட்டிலில் மிஞ்சியது கேற்றடியில் கறக்கிற அந்தப் பசுவும், அதன் மூத்த பெட்டையான கன்று போடாத நாகு ஒன்றும். ஊசிக்காரர் சிங்களவர். பசுவை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "அய்யே, மாடு சின்னது, கன்று பெரிசா வரும், கஷ்டம்" என்று தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார். "எங்கட மாடு தாங்கும், நீங்க போடுங்கோ" என்றேன். ஐயா பசுவைப் பிடித்துக்கொள்ள, அவர் ஊசியைப் போட்டார்.

பத்தாம் மாதம் ஒரு மத்தியானம் வலி கண்டது. கன்றின் முன்னங்கால் இரண்டும் வெளியே வந்தன. ஒவ்வொன்றும் என் மணிக்கட்டை விடத் தடிப்பு. தலை வரவில்லை. ஓடிப்போய் ஊசிக்காரரைக் கூட்டிவந்தேன். அவர் கயிறு கட்ட, மூவருமாக இழுத்தோம். அம்மா பசுவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "இந்தா முடிஞ்சுது பிள்ளை, இந்தா முடிஞ்சுது" என்று சொல்லிக்கொண்டேயிருந்தார். கன்று செத்துத்தான் வந்தது. கறுப்பும் வெள்ளையுமாய் அழகான பெட்டைக் கன்று. பசுவுக்குப் பின்னங்கால்கள் விளங்காமல் போயின. எழுப்பப் பார்த்தால் முன்னங்காலால் மண்ணைக் கீறும். ஐந்தாம் நாள் அதுவும் கீறவில்லை. அன்றோடு தீர்ந்தது.

நாகுக்கு அதன் அளவில் ஒரு காளை தேடி, களனி ஆற்றங்கரை வீடுகளெல்லாம் அலைந்தோம். பெரியது இருந்தது, கலப்பு இருந்தது. அந்தச் சின்னச் சாதியை இன்னும் வைத்திருக்கிறீர்களா என்று சிங்களத்தில் எங்களையே திருப்பிக் கேட்டார்கள். அங்கே கொடுத்ததெல்லாம் காயடித்ததுதான் என்று தெரிந்தும் கொச்சிக்கடைக்கும் போனோம். எங்கள் காளை மூட்டை வண்டியில் பூட்டியபடி நின்றது. "நல்லா உழைக்கிறான் அண்ணை" என்றார் வண்டிக்காரர். ஐயா அதன் நெற்றியைத் தடவிவிட்டுத் திரும்பி நடந்தார்.

மூன்று கிழமைக்கு ஒருக்கால் நாகு காளை தேடிக் கத்தும். ஒரு நாள் முழுக்கக் கத்தும். கால்வாய்க்கு அங்காலிருந்து ஒரு அம்மா, "அண்ணை, அதுக்கு ஏதும் செய்யுங்கோவன், பாவமெல்லே" என்று கூப்பிட்டுச் சொல்வார். ஊசிக்காரரைக் கூப்பிடுவோமா என்று நான் பிறகு ஒருநாளும் கேட்கவில்லை. புல்லை அள்ளி அதன் முன்னால் போடுவேன். முகர்ந்தும் பார்க்காது.

"பசியில்லை மோனை அதுக்கு" என்பார் ஐயா.